கட்டைக்கு வயதாகும்போது மண்ணில் நடப்பது

மூன்றாம் கட்டை வெட்டி முடிந்த வயலில், ஒரு தூரை ஒட்டி மண்வெட்டி போட்டு ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுங்கள். பக்கத்துக் கொல்லையில் நடவுக் கரும்பு வெட்டியிருந்தால் அங்கேயும் ஒரு குழி எடுங்கள். இரண்டு குழிகளின் பக்கச் சுவரையும் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டு உட்கார்ந்து பாருங்கள்.

நடவுக் கரும்பின் குழியில் வெள்ளை வேர்கள் அடிவரை இறங்கியிருக்கும். மூன்றாம் கட்டையின் குழியில், தூர் தரைக்கு மேலே மூன்று விரல் உயரம் எழும்பி நிற்கும். அதிலிருந்து கிளம்பிய வேர்கள் மேல் நாலைந்து அங்குலத்துக்குள் பாய் விரித்ததுபோல் பின்னிக் கிடக்கும். அதற்குக் கீழே முதல் வருட வேர்கள் கறுத்துச் செத்துக் கிடக்கும், கையில் எடுத்தால் பொடியும். இன்னும் கீழே போனால் மண்வெட்டி ‘ணங்’ என்று ஒரு இடத்தில் நிற்கும். அந்த இறுகிய அடுக்குக்குக் கீழே நல்ல மண் இருக்கிறது, ஈரமும் சத்தும் இருக்கின்றன. ஆனால் அவை பயிருக்கு எட்டவில்லை.

இந்த அத்தியாயம் அந்த ஒரு குழியைப் பற்றியது. உளுந்தூர்பேட்டை, எலவனாசூர்கோட்டை, திருநாவலூர், தியாகதுருகம் பக்கம் கரும்பு போட்டு பெரியசெவலைக்கோ மூங்கில்துறைப்பட்டுக்கோ கச்சிராயபாளையத்துக்கோ அனுப்புகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கல்வராயன் மலைக்காரர்களுக்கு மரவள்ளி பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

‘கட்டை ஏற ஏற மண்ணில் சத்து தீர்ந்துவிடுகிறது’ என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். ஒரு சத்து தீர்கிறது. ஒரு சத்து தேங்குகிறது. ஒன்று இருந்தும் பூட்டிக்கொள்கிறது. எது எந்த வகை என்று தெரியாமல் ‘போன வருஷத்தைவிட ஒரு மூட்டை கூடுதல்’ என்று போடுவதால்தான் கட்டைக் கரும்பில் பணம் கரைகிறது.

ஒரே இடத்தில் ஒரே பயிர் பல வருடம் நின்றால் மண் எப்படி மாறும் என்பதைத் தேயிலைக்காரர்கள் நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். நீலகிரியிலும் வால்பாறையிலும் ஒரு செடி ஐம்பது, எண்பது வருடம் அதே குழியில் நிற்கும். வருடா வருடம் போடும் தழைச்சத்து உரத்தால் மண்ணின் புளிப்பு ஏறிக்கொண்டே போகும். தேயிலைக்குக் கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரை இருந்தால் சுகம். அதற்குக் கீழே இறங்கினால் சுண்ணாம்பும் மக்னீசியமும் சேர்ந்த டோலமைட்டைத் தூவி, புளிப்பைத் தணிப்பார்கள். தேயிலையின் வயதை மண்ணின் புளிப்பிலேயே ஓரளவு படித்துவிடலாம்.

நம் ஊரில் கதை நேர் எதிர். இங்கே கரிசலிலும் சுக்கான் கல் கலந்த செம்மண்ணிலும் சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைய. அதன் மேல் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் வரும் உப்பும் பைகார்பனேட்டும் சேர்கின்றன. யூரியாவின் புளிப்பை இந்த மண் விழுங்கிவிடும். நம் வயலில் வயது வேறு வழிகளில் தெரியும்.

முதலில் சாம்பல் சத்து. தீர்வது இதுதான். எக்டருக்கு 100 டன் விளையும் கரும்பு மண்ணிலிருந்து ஏறக்குறைய 200 கிலோ தழைச்சத்தையும் 50 கிலோ மணிச்சத்தையும் 280 கிலோ சாம்பல் சத்தையும் எடுத்துக்கொள்கிறது. நம் கணக்குக்கு, ஏக்கருக்கு 40 டன் வெட்டினால் 100 கிலோவுக்கு மேல் சாம்பல் சத்து போகிறது. ஒரு மூட்டை பொட்டாஷில் இருப்பது 30 கிலோ. ஒரு மூட்டை போட்டுவிட்டு ‘பொட்டாஷும் போட்டாச்சு’ என்கிறவர் மீதி 70 கிலோவை மண்ணிடம் கடன் வாங்குகிறார். இரண்டு கட்டை, மூன்று கட்டை என்று போகும்போது கடன் மேல் கடன்.

வயலை விட்டு வெளியே போகும் பொட்டாஷ் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கொழுந்தாடை மாட்டுக்குப் போகிறது. சாறு ஆலைக்குப் போகிறது. சர்க்கரையில் பொட்டாஷ் கிடையாது, அதனால் அது கழிவுப்பாகில் தங்குகிறது. பாகு சாராய ஆலைக்குப் போய், அங்கே மிஞ்சும் கறுப்புக் கழிவுநீரில் சேர்கிறது. அந்தக் கழிவுநீரை எரித்த சாம்பலிலிருந்து எடுக்கும் உரம் 2021 முதல் மானிய உரப் பட்டியலில் இருக்கிறது, 14.5 சதவீதம் சாம்பல் சத்தோடு. ஆக, நம் வயலிலிருந்து போனதையே மூட்டை கட்டித் திரும்ப விற்கிறார்கள். விலை கட்டுப்படியானால் வாங்கிப் போடுங்கள். ஆனால் அதில் சத்து பொட்டாஷ் மூட்டையில் இருப்பதில் நாலில் ஒரு பங்குதான் என்பதை நினைவில் வையுங்கள்.

சாம்பல் சத்துக் குறைவு முதலில் கீழ் இலைகளில் தெரியும். நுனியும் ஓரமும் நெருப்பு பட்டதுபோல் காயும். நடுநரம்பின் மேல்பக்கம் சிவப்பாகத் தீற்றியதுபோல் இருக்கும். கரும்பு மெலிந்து, சாய்ந்து, எடை குறையும். கரிசல்காரர்கள் ‘எங்கள் மண்வள அட்டையில் சாம்பல் சத்து அதிகம்னு போட்டிருக்கே’ என்று கேட்பார்கள். எக்டருக்கு 280 கிலோவுக்கு மேல் இருந்தால் அட்டையில் ‘அதிகம்’ என்று வரும். ஒருமுறை எடுத்த அட்டையை வைத்து ஐந்து வருடம் பொட்டாஷை விட்டுவிடாதீர்கள். நடவுக்கு முன் ஒன்று, இரண்டாம் கட்டைக்குப் பின் ஒன்று என்று எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதுதான் செய்தி.

மணிச்சத்து இதற்கு நேர்மாறு. அது தேங்கும். போட்ட இடத்தைவிட்டு அது அதிகம் நகராது, கரும்பு எடுப்பதும் குறைவு. வருடா வருடம் டிஏபி போட்ட வயல்களின் அட்டையில் மணிச்சத்து எக்டருக்கு 22 கிலோவுக்கு மேல், ‘அதிகம்’ என்றே பெரும்பாலும் பார்க்கிறேன். அப்படி இருந்தால் பரிந்துரையில் கால் பங்கைத் தாராளமாகக் குறைக்கலாம். குறைக்காமல் போட்டால் பணம் வீணாவதோடு நிற்காது. மணிச்சத்து மிகுந்த கார மண்ணில் துத்தநாகம் பயிருக்குக் கிடைப்பது இன்னும் குறையும். டிஏபி மிச்சம் பிடித்த காசைப் பொட்டாஷில் போடுவதுதான் பழைய கட்டை வயலுக்கு நான் சொல்லும் முதல் வேலை. இதைச் சொன்னால் உரக்கடைக்காரர்களுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

தழைச்சத்து பூட்டிக்கொள்ளும் வகை. ஏக்கருக்கு நாலு டன் சோகை கிடக்கிறது என்று வையுங்கள். அது மக்க நுண்ணுயிர்கள் வேலை செய்ய வேண்டும். சோகையில் கரி அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. பற்றாக்குறைக்கு அவை மண்ணில் இருக்கும் தழைச்சத்தை எடுத்துத் தங்கள் உடம்பில் வைத்துக்கொள்ளும். சோகை மக்கி முடிந்தபின் அது திரும்ப வரும், ஆனால் தூர் கட்டும் நேரம் அதற்குள் போய்விடும். செத்த பழைய வேர்கள் மக்கும்போதும் இதே கதை. அதனால்தான் கட்டைக்குத் தழைச்சத்தைக் கூட்டியும் முந்தியும் கொடுக்கச் சொல்கிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை நடவுக்கு எக்டருக்கு 300:100:200. ஏக்கருக்கு 120 கிலோ தழை, 40 மணி, 80 சாம்பல். கட்டைக்கு அதன் மேல் தழைச்சத்தில் 25 சதவீதம் கூடுதல், அதையும் வெட்டிய ஐந்து முதல் ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஏக்கருக்கு 30 கிலோ தழைச்சத்து, அதாவது 65 கிலோ யூரியா, 45 கிலோ மூட்டையில் ஒன்றரை. மற்ற தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் 25, 45, 70-ஆம் நாள் வாக்கில் மூன்றாகப் பிரித்துப் போடலாம்.

பலரும் செய்வது என்னவென்றால், இந்த ஒன்றரை மூட்டையை முதல் வாரத்தில் போடாமல், ஒன்றரை மாதம் கழித்துப் பயிர் வெளுத்திருப்பதைப் பார்த்து மூன்று மூட்டையாகப் போடுவது. அதற்குள் தூரில் எத்தனை முளை வருவது என்பது முடிவாகிவிடும். பிறகு போடும் யூரியா இலையைக் கறுப்பாக்கும், பூச்சியைக் கூப்பிடும், கரும்பின் எண்ணிக்கையைக் கூட்டாது.

இனி இரும்பு. கட்டைக் கரும்பில் நம் பக்கத்து வயல்களில் கண்ணுக்கு உடனே தெரியும் குறை இதுதான். வெட்டி மூன்று வாரத்தில் குருத்து இலை நரம்புக்கு நரம்பு இடையே வெளுத்து, கோடு போட்டதுபோல் வரும். முற்றினால் காகிதம் மாதிரி வெள்ளை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். சுண்ணாம்பும் பைகார்பனேட்டும் உள்ள இடத்தில் அது வேர் எடுக்க முடியாத வடிவத்துக்குப் போய்விடுகிறது. நடவுக் கரும்புக்குக் கரணையில் சேமிப்பு இருக்கிறது, புது வேர் விரியப் புது மண் இருக்கிறது. கட்டைக்கு இரண்டும் இல்லை. பழைய வேர் செத்து, புது வேர் வராத இடைவெளியில் குருத்து மட்டும் அவசரமாக வளர்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. குருத்து வெளுத்தாலே இரும்பு என்று நினைக்காதீர்கள். ஒரு தூரில் மட்டும் புல் போல மெல்லிய முளைகள் கொத்தாக வந்து வெளுத்திருந்தால் அது நோய். கட்டை ஏற ஏற அதுவும் ஏறும், எந்த உரத்துக்கும் கேட்காது. அந்தத் தூரை வேரோடு பெயர்த்து எடுத்துவிட வேண்டும். வயலில் பட்டை பட்டையாக, ஒரே மாதிரி வெளுத்திருந்தால் இரும்பு. கீழ் இலையிலிருந்து ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்து.

இரும்புக்கு மருந்து அன்னபேதிதான். வெட்டிய 15-ஆம் நாள் ஏக்கருக்கு ஒரு கிலோவை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். வெளுப்பு தொடர்ந்தால் பதினைந்து நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு முறை, கடைசி முறை ஒரு கிலோ யூரியாவும் சேர்த்து. கரைசல் பச்சை நிறமாக இருக்கும்போதே அடித்துவிட வேண்டும். துருப்பிடித்த நிறத்துக்கு மாறிவிட்டால் பயனில்லை. கரைக்கும்போது கொஞ்சம் எலுமிச்சை உப்பு போட்டால் சீக்கிரம் மாறாது. மண்ணில் போடுவதானால் ஏக்கருக்கு 40 கிலோ, ஆனால் வெறுமனே தூவாதீர்கள். சுண்ணாம்பு மண்ணில் அது சில நாளில் பழையபடி பூட்டிக்கொள்ளும். மக்கிய எருவோடு கலந்து ஒரு வாரம் ஈரத்தில் குவித்து வைத்துப் போட்டால் நிற்கும்.

என் வயலில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வருடம் வெட்டு உத்தரவு வருவது தள்ளிப் போய், கடைசியில் வந்தபோது இரண்டு நாள் மழை பெய்து முடிந்திருந்தது. வண்டி காத்திருக்காது என்றார்கள். ஈர வயலுக்குள் டிராக்டரும் டிப்பரும் இறங்கி, பாரென்றும் சாலென்றும் பார்க்காமல் ஏறி இறங்கிப் போயின. அந்த இரண்டாம் கட்டையில் உரம், தண்ணீர் எல்லாம் வயல் முழுக்க ஒன்றுபோலத்தான் கொடுத்தேன். மூன்றாம் மாதம் வரப்பு மேல் நின்று பார்த்தால் சக்கரத் தடம் எங்கெங்கே போனதோ அங்கெல்லாம் மஞ்சள் கோடு. வரைபடம் போட்டதுபோல் இருந்தது.

“ஏன் தம்பி, உரத்த கோடு கோடா விட்டுட்டியா?” என்று பக்கத்துக் கொல்லைப் பெரியவர் கேட்டார்.

“இல்லைங்க மாமா, வண்டி போன தடம்.”

அவர் குனிந்து கைத்தடியால் குத்திப் பார்த்தார். தடம் இல்லாத இடத்தில் தடி ஒரு சாண் இறங்கியது. தடத்தில் விரல் அளவுகூட இறங்கவில்லை. அந்த இரண்டு இடத்து மண்ணையும் தனித்தனியாகப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். எண்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மண் பரிசோதனை சத்து இருக்கிறதா என்று சொல்லும், வேர் அங்கே போகுமா என்று சொல்லாது. அன்றைக்குத்தான் நான் குழி வெட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஆகவே கட்டை வயலில் உர மூட்டையைத் தொடுவதற்கு முன் கருவி பிடிக்கும் வேலை இரண்டு இருக்கிறது. முதலாவது கட்டை சீவுதல். வெட்டிய ஒரு வாரத்துக்குள், கூரான மண்வெட்டியால் தரைக்கு இரண்டு விரல் கீழே சீவ வேண்டும். மேலே கணு நின்றால் அதில் உள்ள கண்தான் முதலில் முளைக்கும். அதன் வேர் மேல் மண்ணிலேயே தங்கும். சீவிவிட்டால் அடிக்கண் முளைத்து வேர் கீழே போகும். குழியில் பார்த்த ‘பாய்’ வருடா வருடம் மேலே ஏறுவது இந்த வேலையை விட்டுவிடுவதால்தான். கூலி கட்டவில்லை என்று பலர் விடுகிறார்கள். சீவுகிற கருவி பொருத்திய டிராக்டர் கிடைத்தால் விடாதீர்கள்.

இரண்டாவது, பாரின் இரு பக்கமும் ஏர் விட்டு உடைத்தல். பழைய வேரை அறுக்கிறோமே என்று பயப்பட வேண்டாம், அது சாகப்போகிற வேர். அறுத்த இடத்தில் காற்றுப் போகும், புது வேர் போகும், போடும் உரமும் உள்ளே போகும். இந்தச் சாலிலேயே எருவையும் மணிச்சத்தையும் போட்டு மூடுங்கள். பிறகு நன்றாகத் தண்ணீர் கட்டுங்கள். செத்த தூர்களின் இடத்தில் ஒரு மாதத்துக்குள் நாற்று வைத்து நிரப்புங்கள். காலி இடத்துக்கும் சேர்த்துத்தான் உரம் போடுகிறோம், அதைத் தின்பது களை.

சோகையைக் கொளுத்தாதீர்கள் என்று எல்லாரும் சொல்லிச் சலித்த விஷயத்தை நானும் சொல்கிறேன், கணக்கோடு. நாலு டன் சோகையில் தோராயமாக 16 முதல் 20 கிலோ தழைச்சத்தும் அதைவிடச் சற்றுக் கூடுதலாகச் சாம்பல் சத்தும் இருக்கின்றன. தீ வைத்தால் தழைச்சத்தும் கந்தகமும் அநேகமாக முழுவதும் புகையாகப் போய்விடும். சாம்பல் சத்து சாம்பலில் இருக்கும், ஆனால் முதல் காற்றோடு வரப்பு தாண்டும். புகை நான்குவழிச் சாலையில் போகிறவர் கண்ணை மறைப்பது தனிக் கவலை. ஒரு சால் விட்டு ஒரு சாலில் சோகையைப் பரப்பி, அதன் மேல் சாணிக் கரைசலும் கொஞ்சம் யூரியாவும் தெளித்து ஈரம் காத்தால் மழைக்குள் மக்கும். மற்றச் சாலில் தண்ணீர் கட்டலாம், இறங்கி நடக்கலாம். ஆலையில் பிரஸ்மட் கிடைத்தால் புதிதாக அப்படியே போடாமல், மக்கவைத்த பிறகு போடுங்கள்.

எத்தனை கட்டை விடலாம்? நடவும் இரண்டு கட்டையும் என்பது என் கணக்கு. அதற்கு மேல் விடுவதா என்பதை வயலே சொல்லட்டும். முளை வந்தபின் நூறு அடிப் பாரில் நடந்து, இரண்டடிக்கு மேல் காலியாக உள்ள இடங்களின் நீளத்தைக் கூட்டிப் பாருங்கள். கால் பங்குக்கு மேல் காலி என்றால் அந்தக் கட்டையை அழித்துவிடுவதே லாபம். அழித்த வயலில் உடனே மறுபடி கரும்பு நடாதீர்கள். ஆழ உழுது இறுகிய அடுக்கை உடைத்து, தக்கைப்பூண்டோ சணப்பையோ விதைத்து, பூ வரும் தறுவாயில், நாற்பத்தைந்து நாள் வாக்கில் மடக்கி உழுங்கள். தண்ணீர் குறைவு, கையில் காசும் வேண்டும் என்றால் உளுந்து போடுங்கள். ஊர்ப்பெயரிலேயே உளுந்தை வைத்துக்கொண்டு நாம் அதைக் கரும்பு வயலுக்குள் விட மறந்துவிட்டோம். வம்பன் ரகங்கள் எழுபது நாளுக்குள் முடிந்துவிடும். செடியைப் பிடுங்காமல் அறுத்து எடுத்தால் வேர் முடிச்சுகள் மண்ணிலேயே இருக்கும்.

தழைச்சத்தை மட்டும் போட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்குக் கோயம்புத்தூரில் நிரந்தர உரச் சோதனை வயல் இருக்கிறது. 1909-இல் தொடங்கி, ஒரே பாத்திக்கு ஒரே வகை உரம் என்று இன்றுவரை நடக்கிறது. ஒன்றுமே போடாத பாத்தி, தழை மட்டும் பெற்றது, மூன்றும் பெற்றது, எரு பெற்றது என்று பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வாய்ப்புக் கிடைத்தால் பயிர் நிற்கும் காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மலைக்கு வருவோம். வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் சரிவில் வருடா வருடம் மரவள்ளி போடுகிறவர்களுக்குக் கட்டை ஏதும் இல்லை, ஆனால் நிலத்துக்கு அதே வயது ஏறுகிறது. பத்து மாதப் பயிர், மழைக்காலத்தில் பாதி நாள் மண் திறந்தே கிடக்கும். கிழங்கு பிடுங்கும்போது சரிவு முழுவதும் கிளறப்படும். அங்கே சத்துக்கு முன்னால் மேல் மண்ணே போகிறது. பாரைச் சரிவுக்குக் குறுக்கே போடுவதைவிடப் பெரிய உரம் அங்கே இல்லை. அடுத்தது சாம்பல் சத்து. மானாவாரி மரவள்ளிக்குப் பரிந்துரை எக்டருக்கு 50:65:125. சாம்பல் சத்து தழைச்சத்தைப் போல இரண்டரை மடங்கு இருப்பதைக் கவனியுங்கள். ஆனால் மலைக்கு மூட்டை தூக்கிக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் தூக்கிப் போவது யூரியா. இலை நன்றாகத் தழைக்கும், கிழங்கில் மாவு கட்டாது, சேகோ ஆலையில் பாயிண்ட் குறையும். இரண்டு வருட மரவள்ளிக்குப் பின் ஒரு வருடம் சாமையோ தினையோ, கூடவே மொச்சையோ போடும் பழைய வழக்கத்துக்கு மண்ணறிவியலில் நல்ல காரணம் இருக்கிறது. உதிர்ந்த இலையை வழித்து எரிக்காமல் பாருக்கு இடையில் விடுங்கள்.

கடைசியாக, மண் மாதிரி எடுக்கும் முறை. கட்டை வயலில் வெட்டிய உடனே, உரம் போடுவதற்கும் சோகையைக் கிளறுவதற்கும் முன்னால் எடுக்க வேண்டும். போன வருடம் உரம் விழுந்த பட்டையிலேயே எடுத்தால் எண் பொய் சொல்லும். பாரின் பக்கச்சரிவில், ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு இடத்தில், ஆங்கில ‘வி’ வடிவில் குழி வெட்டி, ஒன்பது அங்குல ஆழம்வரை ஒரே கனத்தில் சீவி எடுங்கள். வண்டித் தடத்தை விட்டுவிடுங்கள். அதே குழிகளில் ஒன்பதுக்குக் கீழே பதினெட்டு அங்குலம்வரை இன்னொரு மாதிரி, தனிப் பையில். நிழலில் உலர்த்தி, கால் கால் பங்காகக் கழித்து அரை கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். துணிப்பையில் போடுங்கள், பழைய உரச் சாக்கில் வேண்டவே வேண்டாம். தாளில் பெயர், சர்வே எண், தண்ணீர் கிணறா ஆழ்துளையா, வெட்டிய எடை எவ்வளவு என்பவற்றோடு, படிவத்தில் யாரும் கேட்காத ஒன்றையும் எழுதுங்கள்: ‘நடவு’ அல்லது ‘எத்தனையாவது கட்டை’. அடுத்த அட்டை வரும்போது அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவது என்று உங்களுக்கே தெரியாது.